வயலில் தொடங்கட்டும் ஆங்கிலப் பாடம்

உணவு வலையைக் கரும்பலகையில் வரையச் சொன்னால் நம் ஆசிரியர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆப்பிரிக்கப் புல்வெளிதான். புல்லை வரிக்குதிரை தின்னும். வரிக்குதிரையைச் சிங்கம் தின்னும். ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் சேரிப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை. அந்த விலங்கை அவர்கள் பார்த்ததில்லை. அந்த மொழியை வீட்டில் கேட்டதில்லை. 'ஜீப்ரா', 'பிரிடேட்டர்', 'கன்ஸ்யூமர்' என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். விடுமுறை முடிவதற்குள் மறந்துவிடுகிறார்கள்.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகத் தொடங்கப்பட்டன. நடவுக்கும் களைக்கும் போகும் தாய்மார்கள் தம் பிள்ளைகளை அதில் சேர்க்கிறார்கள். அதை ஆங்கில மோகம் என்று கேலி செய்பவர்கள், தங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். ஆங்கிலம் வேண்டும் என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் நியாயமான கோரிக்கை. அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்பதே நம் கேள்வி.

வீராணம் ஏரிப் பாசனத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வரப்புகளில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நெல்லை எலி தின்னும், எலியைச் சாரைப்பாம்பும் ஆந்தையும் பிடிக்கும், பாம்பைக் கீரியும் மயிலும் விடாது என்பார்கள். வாய்க்காலில் நத்தை, நண்டு, கெளுத்தி, விரால். அவற்றுக்காகக் காத்து நிற்கும் கொக்கு, மடையான், மீன்கொத்தி என்று அடுக்குவார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானைச் சிலந்தி தின்னும். கண்மூடித்தனமாக மருந்தடித்தால் சிலந்தி செத்துப்போகும். பிறகு புகையான் பல மடங்காகப் பெருகும். வலையில் ஓர் இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புல்வெளியிலும் கிடைக்காது.

வகுப்பறையில் இதைச் செய்வதற்குச் செலவில்லை. முதல் நாள், பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த உயிரினங்களின் பெயர்களைத் தமிழிலேயே சொல்லட்டும். அவற்றைப் பலகையில் எழுதிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். தமிழில் பேசியதற்காக யாரையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. மறுநாள் அதே படத்தில் 'ராட்', 'ஸ்நேக்', 'ஃபிராக்', 'இக்ரெட்' என்று ஆங்கிலப் பெயர்களைச் சேர்க்கலாம். பிறகு ஒரே ஒரு வினைச்சொல் போதும். 'தி ஸ்நேக் ஈட்ஸ் தி ராட்' என்பது ஒரு வாக்கியம். அதையே திருப்பி, 'தி ராட் இஸ் ஈட்டன் பை தி ஸ்நேக்' என்றால் செயப்பாட்டு வினையும் வந்துவிடுகிறது. உணவு வலையில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுவது அம்புக்குறியில்தான். உணவில் உள்ள ஆற்றல் தின்னப்படுவதிலிருந்து தின்பதற்குப் போகிறது. அம்பும் அப்படியே போகும். இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைந்தால் அம்பு தவறாது. 'புரொடியூசர்', 'கன்ஸ்யூமர்' போன்ற கலைச்சொற்களைக் கடைசியில் சொன்னால் போதும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் சொல் தங்கிவிடும்.

ஆனால் இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. எலி, நத்தை, நண்டு என்று பேச்சு வரும்போது, "உங்க வீட்ல இதெல்லாம் சாப்பிடுவீங்கல்ல?" என்று ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்டால் போதும், வகுப்பு சிரிக்கும். அந்தப் பிள்ளை அதன்பின் வாய் திறக்காது. அறிவியல் பாடம் சாதிக் கணக்கெடுப்பாக மாறிவிடும். எனவே பாடத்தை வயலிலிருந்து தொடங்குங்கள், பிள்ளையின் சோற்றுத் தட்டிலிருந்து தொடங்காதீர்கள். வயல் எல்லாருக்கும் பொது. வலையில் மனிதரை வரையும்போது ஊருக்கும் சேரிக்கும் சேர்த்து ஒரே வட்டம் போடுங்கள். அரிசி, மீன், ஆடு, நண்டு எல்லாம் அந்த ஒரே வட்டத்துக்குள் வந்து சேரட்டும்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். செத்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகைப் பாடநூல் 'ஸ்கேவெஞ்சர்' என்கிறது. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடை செய்த 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்களின் ஆங்கிலப் பெயர்களிலும் இதே சொல் இருக்கிறது. நாளைக்கு நாளிதழில் இந்தச் சொல்லைப் படிக்கப்போகும் பிள்ளைக்கு இன்றைக்கே விளக்கிவிட வேண்டும். கழுகு இயற்கையால் அப்படி வாழ்கிறது. மனிதர் தலையில் அந்த வேலையைச் சுமத்தியது சாதி. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் செத்த விலங்குகளை அப்புறப்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையே குற்றம் என்கிறது. உயிரியலையும் கொடுமையையும் ஒரே சொல் சுமக்கிறது என்றால், இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை.

உணவு வலையில் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று வரைவதைச் சிலர் சமூகத்துக்கும் பொருத்திப் பேசுவார்கள். அது அறிவியல் அல்ல. அந்த அடுக்குகள் ஆற்றல் கைமாறும் வரிசையை மட்டுமே காட்டுகின்றன; யார் உயர்ந்தவர் என்பதை அல்ல. உச்சியில் இருக்கும் புலியும் செத்தால் புழுவுக்கும் நுண்ணுயிருக்கும்தான் இரை. மக்கிய மண்ணிலிருந்துதான் அடுத்த நாற்று முளைக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: எங்கள் வயலை வைத்து ஒரு பாடமாவது நடத்துவீர்களா? வேண்டுமானால் வயலில் வேலை செய்யும் ஒரு பெண்ணை வகுப்புக்கு அழையுங்கள். பூச்சியையும் பறவையையும் அவர் பெயர் சொல்லிக் காட்டட்டும். தங்கள் ஊரில் இரவுப் பாடசாலை நடத்தும் கல்லூரி மாணவர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துப் போங்கள். ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். தனக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசும்போது பிள்ளைக்கு நாக்கு கூசாது. அந்தத் தைரியம் வந்துவிட்டால், சிங்கத்தையும் வரிக்குதிரையையும் அது தானே படித்துக்கொள்ளும்.