அந்த உடைந்த பல்லையும் சேர்த்துச் செய்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சாயங்கால நடையில் இருந்தபோது பின்னாலிருந்து "சார்!" என்று ஒரு குரல். திரும்பினால் தலை முழுக்க நரைத்த ஒருவர். "நீங்க...?" என்று இழுத்தேன். "91 டென்த் சார், கடைசி பெஞ்ச்" என்றதும் அந்தச் சிரிப்பு பிடிபட்டுவிட்டது. (பெயர் போடவில்லை. அவனிடம் அனுமதி கேட்கவில்லை.) கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினான். திரையில் ஒரு பழைய ரைஃபிள்.

"இது யாரோடது சொல்லுங்க சார்?"

தெரியவில்லை. "ஜிம் கார்பெட்டோடது சார். நீங்க நீதிபோதனை பீரியட்ல வாசிச்சீங்களே, சம்பாவத் புலி. நான் இத அப்படியே செய்யப் போறேன்."

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். லஸ் முனை நடைபாதைக் கடையில் வாங்கிய, அட்டை பிய்ந்த 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்'. 1944-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் பம்பாயில் போட்ட நூலின் ஏதோ ஒரு மறுபதிப்பு. நீதிபோதனைக்குப் பாடப்புத்தகம் கிடையாது என்பதால் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி என்று புலிக்கதை ஓட்டினேன். கடைசி பெஞ்ச் வாய் பிளந்து கேட்ட ஒரே பீரியட் அதுதான்.

படத்தில் இருந்த துப்பாக்கியின் வரலாறு சுவாரசியமானது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்குப் பரிசளித்தது. லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். பரிசளித்த செய்தி பொறித்த வெள்ளித் தகடு ஒன்று கட்டையில் பதித்திருக்கும். 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைக் கார்பெட் சுட்டது இதால்தான். 1947-இல் அவர் கென்யாவுக்குப் போனார். துப்பாக்கி அவருடைய பதிப்பாளர்களிடம் தங்கிப்போனது. 2015-இல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கியது. அதை மாதிரியாக வைத்து ஒரு நினைவு ரைஃபிளைச் செய்தார்கள். 2016-இல் அசலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கார்பெட் வாழ்ந்த குமாவுன் பக்கம் காட்டினார்கள். பிடித்த எழுத்தாளரின் கதையைப் படித்துவிட்டு அவர் துப்பாக்கியைப் புதிதாகச் செய்து பார்க்கும் ஆசை கிண்டிக்காரனுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் தயாராகும் .32 ரிவால்வர் பழைய வெப்ளி ரிவால்வரின் வாரிசுதான். ஆனால் அது அரசாங்கம் செய்வது. உரிமம் இல்லாமல் நீங்களோ நானோ சுடக்கூடிய துப்பாக்கி செய்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள். இதை அவனிடம் முதலிலேயே சொன்னேன். வாத்தியார் புத்தி போகுமா? "பயப்படாதீங்க சார், தேக்குக் கட்டையும் இரும்புத் தடியும்தான். குழலுக்குத் துளையே போட மாட்டேன். ஷோகேஸ்ல வைக்க" என்றான். நிம்மதி.

வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். அடையாற்றில் இருக்கும் மச்சினி உடனே பதில் போட்டாள்: "அத்திம்பேர், புலியே அழிஞ்சுண்டு வரது. ஷோகேஸ்ல துப்பாக்கிய வெச்சுக் கொண்டாடணுமா?" தி.நகர் மருமான் அவளுக்கு மூன்று கட்டைவிரல் போட்டான்.

மச்சினி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு யாரும் யுத்தத்துக்குக் கிளம்பவில்லை. ஒரு பொருளைக் கையால் திரும்பச் செய்பவனுக்கு அதைப் பற்றி நூறு புத்தகம் படித்தவனைவிட அதிகம் தெரியவரும். எடை எங்கே விழுகிறது, தோளில் எப்படிப் பொருந்துகிறது, ஏன் இந்த வளைவு... லேத் பிடித்த கைக்கு அது ஒரு படிப்பு. கார்பெட்டும் பின்னாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு புலியின் பின்னால் அலைந்தவர். அவர் பெயரில்தான் நம் நாட்டின் புகழ்பெற்ற புலிக்காடு இருக்கிறது.

என் ஆட்சேபணை வேறு. அன்று இரவு அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, முதல் கதையைத் திரும்பப் படித்தேன். படித்து முடித்தபோது என் மேலேயே எனக்குக் கோபம்.

முதல் விஷயம், பரிசாக வந்த ரிக்பி அந்தப் புலியைக் கொல்லவே இல்லை. கொன்ற பிறகு வந்ததுதானே பரிசு! கார்பெட் அன்று எடுத்துப் போனது வேறொரு ரைஃபிள், கூடவே மூன்றே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்துவிட்டது. புலி அடிபட்டு ஒரு பாறைமேல் நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்குகிறார். அதில் குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே சந்து விட்டிருக்கிறது. சுடுபவனுக்கே ஆபத்து. வாயைக் குறிவைத்தால் குண்டு போய்ப் பாதத்தில் படுகிறது. பெருமைக்குரிய கடைசி வெடி அந்த ஓட்டைத் துப்பாக்கியுடையது. அதை எந்தக் கம்பெனியும் நினைவுப் பதிப்பாகச் செய்யப் போவதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்து கார்பெட் எழுதியிருக்கிறார். வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருக்கிறது, கீழ்ப்பல் எலும்புவரை போய்விட்டது. என்றோ ஒருவன் சுட்ட குண்டு. அதனால் மானையும் பன்றியையும் பிடிக்க முடியாமல் அந்தப் பெண்புலி மனிதனிடம் வந்தது. நேபாளத்தில் ஏறக்குறைய 200 பேர், குமாவுனிலும் சேர்த்து 436 பேர் என்பது கணக்கு. அந்த முதல் துப்பாக்கி யாருடையது? எந்த ஊர்? ஒரு புலியைக் குறி தப்பிச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவன் சாப்பிட்டிருப்பான். அவ்வளவுதான். 436 பேர் கதையைத் தொடங்கிவைத்த துப்பாக்கிக்கு வெள்ளித் தகடு கிடையாது.

இனி என் குற்றம். இந்தப் பத்தியை நான் வகுப்பில் ஒரு வருஷமும் வாசித்ததில்லை. புலி விழும் இடத்தில் மணி அடிக்கும்படி நேரம் பார்த்து நிறுத்துவேன். நாற்பது பையன்களும் "ஓ" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் நிறுத்தினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பல் கதை மட்டும் போகவில்லை. பாலி கிராமத்துப் பெண்ணும் போய்விட்டாள். அக்காவைப் புலி தூக்கிப்போனதைப் பார்த்து அதிர்ச்சியில் பேச்சே போனவள். கார்பெட் திரும்பும் வழியில் அவளுக்காக அந்த ஊரில் நின்று புலித்தோலை விரித்துக் காட்டுகிறார். அவள் தெருவில் ஓடிக்கொண்டே வந்து பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிடுகிறாள். பேச்சு திரும்பிவிட்டது. கதை ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. நான் மணிச் சத்தத்தில் முடித்துவிட்டேன். கடைசி பெஞ்ச் பையன் முப்பது வருஷம் கழித்து துப்பாக்கியை மட்டும் நினைவில் வைத்திருந்தால் அதற்கு நான்தானே காரணம்?

மருமான் கேட்டான்: "மாமா, நம்ம பக்கம் இப்படி யாரும் எழுதலையா?" பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் இருக்கிறார். ஓசூருக்கு அந்தப்பக்கம் ஜவளகிரிக் காட்டில் .405 வின்செஸ்டரோடு அலைந்தவர். கார்பெட்டை முடித்தவர்கள் அவரைப் படிக்கலாம். அவர் கதைகளிலும் யாரோ சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போன விலங்குகள் வரும்.

மறுநாள் கிண்டிக்காரனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப செய்ய வேணாங்கறீங்களா சார்?" என்றான். "செய்டா, நல்லாவே செய். ஆனா பக்கத்துல அந்தத் தாசில்தார் துப்பாக்கியையும் செஞ்சு வை, சந்தோட. முடிஞ்சா ஒரு புலித்தாடை. மரத்துலயே செதுக்கு. வலப்பக்கம் ரெண்டு பல்லு உடைஞ்சிருக்கணும்."

"பல்லு எவ்ளோ நீளம் சார் இருக்கும்?" என்று அளவு கேட்டான். மியூசியத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை எழும்பூர் போகிறேன். யாராவது கூட வருவதானால் கமெண்டில் சொல்லுங்கள். 91 பேட்ச் ஆட்கள் வந்தால் அந்தக் கடைசி இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டுகிறேன். மணி அடிக்க ஆள் இல்லை.