வெடிமருந்தா, விளையாட்டா?
9 ஆண்டு நடந்த ராக்கெட் வழக்கு!

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள பாலைவனத்தின் பெயர் பிளாக் ராக். மரம் இல்லை, வீடு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காய்ந்துபோன ஏரித் தரைதான்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி அந்தப் பாலைவனத்தில் இருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அது 143 கிலோ மீட்டர் உயரத்துக்குப் போயிற்று! 100 கிலோ மீட்டரைத் தாண்டினாலே விண்வெளி என்பது பொதுக் கணக்கு. இந்த ராக்கெட்டைச் செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள்.

இப்படிப்பட்ட ராக்கெட்டில் எரியும் மருந்தை, ஒரு காலத்தில் அமெரிக்க சர்க்கார் வெடிமருந்துப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது. அதை எதிர்த்து 9 ஆண்டுகள் வழக்கு நடந்தது. அந்த வழக்கு ஏன் வந்தது? யார் பக்கம் நியாயம் இருந்தது?

விரல் இழந்த சிறுவர்கள்

1957-ம் ஆண்டு ரஷியா "ஸ்புட்னிக்" என்ற செயற்கைக் கோளைப் பறக்கவிட்டது. உடனே அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் ஆசை பிடித்தது. கையில் கிடைத்த இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துத் தீ வைத்தார்கள். பல குழாய்கள் மேலே போகவில்லை. கையிலேயே வெடித்தன. சிலருக்கு விரல் போயிற்று. சிலருக்கு உயிரே போயிற்று.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்களில் ஒருவர் செருப்புக் கடைக்காரர்! நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த அவர் பெயர் ஓர்வில் கார்லைல். காகிதக் குழாயில் ராக்கெட் செய்தார். தீர்ந்த மோட்டாரை எடுத்துவிட்டு, வேறு மோட்டாரைச் செருகலாம். ராக்கெட் பாராசூட்டில் மெதுவாக இறங்கிவிடும். அவரோடு ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் என்ஜினீயர் சேர்ந்தார். 1957-ல் மாதிரி ராக்கெட் சங்கம் பிறந்தது.

சங்கம் கண்டிப்பான விதிகளைப் போட்டது. உலோகக் குழாய் கூடாது. மருந்தை வீட்டில் அரைக்கக் கூடாது. தொழிற்சாலையில் செய்த மோட்டாரையே வாங்கவேண்டும். தள்ளி நின்று, மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும்.

ஏ முதல் எம் வரை

மோட்டாரின் பலத்தை ஆங்கில எழுத்துக்களால் குறிப்பார்கள். "ஏ" சிறியது. "பி" அதைப்போல் இரண்டு மடங்கு. "சி" நான்கு மடங்கு. இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் பலம் இரட்டிப்பாகும். "எச்" எழுத்தில் இருந்து அதிக சக்தி ராக்கெட். அதன் பலம் "ஏ"யைப்போல் 128 மடங்கு! "எம்" மோட்டாருக்கோ 4 ஆயிரம் மடங்குக்கு மேல்!

சிறிய மோட்டாரில் இருப்பது, நம் ஊர் தீபாவளி வாணத்தில் இருக்கும் அதே கரி மருந்து. பெரிய மோட்டாரில் இருப்பது வேறு. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் ஆகியவற்றைக் கலந்து இறுக வைத்தது. விண்வெளி ஓடத்தைத் தூக்கிச் சென்ற பக்க ராக்கெட்டுகளிலும் இந்த ஜாதி மருந்துதான் எரிந்தது.

பெரிய மோட்டாரைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது இல்லை. 18 வயது நிரம்பவேண்டும். மூன்று படிகள் உண்டு. முதல் படியில் "எச்" அல்லது "ஐ" மோட்டாரில் ராக்கெட்டைப் பறக்கவிட்டு, சேதம் இல்லாமல் இறக்கிக் காட்டவேண்டும். இரண்டாம் படிக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. மூன்றாம் படியில்தான் "எம்" மோட்டார்.

வால் கனத்தால் ஆபத்து

ராக்கெட்டின் பாகங்கள் பெட்டியில் கிடைக்கும். குழாய், கூர்மூக்கு, இறக்கை, பாராசூட் எல்லாம் இருக்கும். பசை போட்டு ஒட்டவேண்டும். ஆனால் பலர் அதோடு நிற்பது இல்லை. இன்னும் உயரமாகப் போகவேண்டும் என்று பெரிய மோட்டாரைப் பொருத்துவார்கள். அங்கேதான் ஆபத்து!

அம்பைப் பாருங்கள். முனை கனம், வாலில் இறகு. அதனால் நேராகப் பாய்கிறது. ராக்கெட்டும் அப்படித்தான். பெரிய மோட்டாரை வைத்தால் வால் கனத்துவிடும். ராக்கெட் குட்டிக்கரணம் போடும். ஜனங்கள் பக்கம்கூடத் திரும்பலாம். ஆகவே மூக்கில் எடை சேர்க்கவேண்டும். அல்லது இறக்கையைப் பெரிதாக்கவேண்டும்.

இறங்குவதற்கும் தந்திரம் உண்டு. உச்சியிலேயே பெரிய பாராசூட் விரிந்தால், காற்று ராக்கெட்டைப் பல மைல் இழுத்துப் போய்விடும். ஆகவே உள்ளே ஒரு சிறு கருவி இருக்கும். அது காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும். உச்சியில் சிறு பாராசூட்டைத் திறக்கும். தரையை நெருங்கியதும் பெரிய பாராசூட்டைத் திறக்கும்.

கோர்ட்டில் ராக்கெட்

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சர்க்காருக்குச் சந்தேகம் தீரவில்லை. வெடிமருந்தைக் கண்காணிக்கும் இலாகா, 62½ கிராமுக்கு மேல் மருந்து உள்ள மோட்டாருக்கு லைசென்சு வேண்டும் என்றது.

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் இரண்டு ராக்கெட் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. "இந்த மருந்து எரியும், வெடிக்காது" என்பது அவர்கள் வாதம். "வேகமாக எரிவதால் அதுவும் வெடிமருந்துதான்" என்பது இலாகாவின் வாதம்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி நியூயார்க் நகரம் தாக்கப்பட்டது. நாடே பயத்தில் உறைந்தது. 2002-ல் வெடிமருந்துச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. அந்த நேரத்தில் ராக்கெட்டுக்காகப் பேசுவது எளிதா?

ஆனால் கோர்ட்டு பயத்தைப் பார்க்கவில்லை, கணக்கைக் கேட்டது. எவ்வளவு வேகத்தில் எரிந்தால் வெடிமருந்து? அந்த அளவு எங்கே? 2006-ல் அப்பீல் கோர்ட்டு, இலாகா தக்க விளக்கம் தரவில்லை என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2009-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதி நீதிபதி ரெஜி வால்டன் சங்கங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தார். மருந்து பட்டியலில் இருந்து நீங்கியது.

தீர்ப்பின் பொருள் என்ன?

ராக்கெட்டால் ஆபத்தே இல்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. ஒன்றைத் தடுக்க வேண்டுமானால் காரணத்தை நிரூபித்துக் காட்டு என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கட்டுப்பாடும் ஒழிந்துவிடவில்லை. பெரிய ராக்கெட்டை விட, விமானத்துறையின் அனுமதி இன்றைக்கும் வேண்டும். மேகத்துக்குள் விடக்கூடாது. காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசினால் விடக்கூடாது. எந்த இலக்கையும் குறிவைக்கக் கூடாது. "எச்" மோட்டார் என்றால் 100 அடி தள்ளி நிற்கவேண்டும். "எம்" என்றால் 500 அடி. ராக்கெட்டைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி "கூடாது" என்றால், செய்தவர் மூட்டை கட்டவேண்டியதுதான்.

பிள்ளைகளின் ஆசையை அடக்கினால் அது ஒளிந்து வளரும். இரும்புக் குழாயும் இழந்த விரலும் அப்படி வந்தவைதான். அந்த ஆசைக்கு ஒரு மைதானம், ஒரு விதி, பக்கத்தில் நிற்க ஒரு பெரியவர் வேண்டும். மூன்றும் கிடைத்த மாணவர்கள் விண்வெளியையே தொட்டுவிட்டார்கள்.