ராத்திரி 9 மணி ஆனா நெட் ஏன் திணறுது? கேபிள் ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமில் என்ன இருக்க வேண்டும்?

“பகல்ல நல்லாத்தான் இருந்துச்சு, ராத்திரி ஆனா சுத்திக்கிட்டே இருக்கு.” லோக்கல் கேபிள் ஆபரேட்டரிடம் பிராட்பேண்ட் வாங்கிய பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. உடனே ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். ஆனால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள் இல்லை. நான்கு தெரு தள்ளி இருக்கும் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறது.

ஓடிடி வந்த பிறகு கேபிள் டிவி இணைப்புகள் குறைந்து வருகின்றன. அதனால், பிராட்பேண்டுக்கு மாறுவது பல ஆபரேட்டர்களுக்குப் பிழைப்புப் பிரச்சினை. கேபிள் டிவிக்கான பதிவு மட்டும் இதற்குப் போதாது. இணைய சேவைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் தேவை. எனவே, பலரும் உரிமம் உள்ள நிறுவனத்தோடு கைகோத்து இறங்குகிறார்கள்.

பழைய கேபிளா, ஃபைபரா?

டிவிக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிளிலேயே இணையம் தர ‘டாக்சிஸ்’ என்ற தொழில்நுட்பம் 1997-லேயே வந்துவிட்டது. கன்ட்ரோல் ரூமில் சி.எம்.டி.எஸ். என்ற கருவி, வீட்டில் கேபிள் மோடம் என்பது அதன் அமைப்பு. தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரம் வேண்டும் என்பது அதில் பெரிய தலைவலி.

இப்போது புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ‘ஜி-பான்’ ஃபைபருக்குப் போகிறார்கள். கன்ட்ரோல் ரூமில் ஓ.எல்.டி., வீட்டில் ஓ.என்.யு. இடையில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே தேவையில்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஜி-பான் ஓ.எல்.டி.யின் ஒரு போர்ட், நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் தரும். அதை 64 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் கிடைக்கும். இதுவரை சிக்கல் இல்லை.

8 போர்ட் உள்ள ஓ.எல்.டி.யில் இப்படி 512 வீடுகளைச் சேர்க்கலாம். ஆனால், ஆபரேட்டர் மேலே இருந்து வாங்கும் இணைப்பு 1 ஜிகாபிட் மட்டும் என்றால்? அதே கணக்கில் வீட்டுக்கு 2 எம்பிபிஎஸ்கூட தேறாது. பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது 2023 முதல் அரசின் வரையறை. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தொழில் ஓடுகிறது. ராத்திரி 9 மணிக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

சர்வர்கள் எதற்கு?

இணைப்பு கொடுக்கும் முன்பே சில வேலைகளுக்கு சர்வர் தயாராக இருக்க வேண்டும்.

• ரேடியஸ் சர்வர்: வாடிக்கையாளர் யார், என்ன பிளான், பணம் கட்டியாச்சா என்று சரிபார்க்கும். இது படுத்தால் கேபிள் நன்றாக இருந்தும் புதிதாக யாரும் லாகின் ஆக முடியாது. அதனால், இரண்டாவது சர்வர் ஒன்று கட்டாயம் தேவை.

• டி.என்.எஸ். சர்வர்: இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும். இது மந்தமானால், ஸ்பீடு டெஸ்ட் நன்றாகக் காட்டினாலும் பக்கங்கள் தாமதமாகவே திறக்கும்.

• லாக் சர்வர்: ஐபி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. சைபர் குற்றப் புகாரில் போலீஸ் அந்த முகவரியோடு வந்தால், அந்த நேரத்தில் பயன்படுத்தியது எந்த வீடு என்று சொல்லியாக வேண்டும். லாக் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும், கருவிகளின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு. கடிகாரம் சில நிமிடம் தவறினாலும், சம்பந்தமே இல்லாத வீட்டின் மீது சந்தேகம் விழலாம்.

இவற்றோடு ஏசி, எர்த்திங், யு.பி.எஸ்., ஜெனரேட்டர். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இவற்றில்தான். மழைக்காலத்தில் ஏரியாவே கரண்ட் இல்லாமல் இருக்கும்போது அதன் விலை தெரியும்.

வாடிக்கையாளர் என்ன கேட்கலாம்?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஆபரேட்டரிடம் “எத்தனை எம்பிபிஎஸ்?” என்பதோடு நிறுத்த வேண்டாம். “மேலிருந்து எவ்வளவு பேண்ட்வித் வாங்குறீங்க, எத்தனை வீட்டுக்கு? ஒரு லைன் அறுந்தா இன்னொரு லைன் இருக்கா? கரண்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும், அண்ணே?” இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.