உங்க கார் யார்கிட்ட பேசுது? டேஷ்போர்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் சிம் கதை!

புது ஆப் ஒண்ணு லொகேஷன் கேட்டா, ‘அலோ பண்ணலாமா?’ன்னு ஒரு நொடியாவது யோசிப்பீங்க. ஆனா, உங்க காருக்குள்ளயும் ஒரு சிம் இருக்கலாம். அது என்ன அனுப்புதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

அதுக்குப் பேர் டெலிமேட்டிக்ஸ் கன்ட்ரோல் யூனிட், சுருக்கமா டி.சி.யு. இ-சிம், மோடம், ஜி.பி.எஸ் ரிசீவர் எல்லாம் அடங்கிய சின்னப் பெட்டி. இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவுகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ‘கேன்’ நெட்வொர்க்கோடு இதுவும் இணைந்திருக்கும். அங்கே கிடைக்கும் தகவலை மொபைல் நெட்வொர்க் வழியாக கம்பெனி சர்வருக்கு அனுப்பும். நீங்க ஆப்ல ‘ஏசி ஆன்’ தட்டினாலும், அந்த உத்தரவு சர்வருக்குப் போய்த்தான் காருக்கு வரும்.

இது உயிர் காக்கும் டெக்னாலஜியும்கூட. விபத்துல ஏர்பேக் விரிஞ்சதும், லொகேஷனோட அவசர உதவியை அழைக்கும். ஐரோப்பிய யூனியனில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல் கார்களுக்கு இந்த ‘இ-கால்’ வசதி கட்டாயம்.

சரி, சிக்கல் எங்கே? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ‘ஸ்மார்ட் டிரைவர்’ திட்டத்தைப் பாருங்க. சடன் பிரேக், வேகம், ராத்திரிப் பயணம் போன்ற விவரங்கள் டேட்டா நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. பிரீமியம் எகிறிய பிறகுதான் சிலருக்கு விஷயமே தெரிந்தது. 3 விநாடிக்கு ஒருமுறைகூட லொகேஷன் எடுக்கப்பட்டதாக ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. இந்தத் தகவல்களை அப்படிப்பட்ட டேட்டா நிறுவனங்களுக்குத் தர 5 ஆண்டுகள் தடை விதித்த உத்தரவு, 2026 ஜனவரியில் இறுதியானது.

அங்கே பிரச்னை பெட்டி இல்லை; சம்மதம் வாங்கின விதம். கார் வாங்குற சந்தோஷத்துல யாரு 20 பக்கம் படிப்பா?

இந்தியாவிலும் 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி ஹெக்டர் முதல் இ-சிம் கார்கள் சகஜமாகிவிட்டன. 2023 தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; சம்மதம் தொடர்பான பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம்.

அதுவரை உங்க டேட்டாவுக்கு நீங்கதான் காவல். டெலிவரி எடுக்கும்போது ஆப் ரிஜிஸ்ட்ரேஷனை ஷோரூம் ஆள் கையில விடாதீங்க. நீங்களே படிச்சு டிக் பண்ணுங்க. டேட்டா ஷேரிங், டிரைவிங் ஸ்கோர் தேவையில்லைன்னா ஆஃப் பண்ணிடுங்க. செகண்ட் ஹேண்ட் கார்னா, ஆர்.சி மாத்துறதோட நிறுத்தாம, பழைய ஓனரோட ஆப் கணக்கையும் நீக்கச் சொல்லுங்க. இல்லேன்னா, உங்க கார் எங்க நிக்குதுன்னு அவர் போன்லயும் தெரியும்!