நாலுக்கு நாலு

பந்தாட்டத்தால் காதுகுத்து தள்ளிப்போன பிள்ளையை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை எழுதுகிறவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டிய காது, ஒரு வருடம் முழுசும் சும்மா கிடந்தது. காரணம் ஓர் அஞ்சலட்டை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் என் மகனைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். லார்க்கினில் 170-ஆம் எண் பஸ் ஏறி, இரண்டு கரையிலும் குடிநுழைவு வரிசையில் நின்று, தேக்காவில் இறங்கும்போது பசி காதை அடைத்தது. மாமா எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நேரே தேக்கா சந்தையின் உணவுக் கடைகளுக்குத்தான் கூட்டிப் போனார். அங்கே அவருக்கென்று ஒரு மேசை உண்டு. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர், காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர், அவர்களோடு எழுபது வயதைத் தாண்டிய என் மாமா. மூன்று தே தாரேயை வைத்துக்கொண்டு முழுக் காலைப் பொழுதையும் ஓட்டிவிடுவார்கள்.

அன்றைக்குப் பேச்சு சூடாக இருந்தது. ஆசியக் கிளப் போட்டியில் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸும் சிலாங்கூரும் ஒரே பிரிவில் விழுந்திருந்தன. ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் என்ன? நாள் இருக்கும்போதுதானே வாதம் ருசிக்கிறது!

“செய்லர்ஸ் இந்த வருஷம் மே மாதம் அதே போட்டியில் இறுதியாட்டம் வரை போனவங்க. சார்ஜாவிடம் 2-1 என்றுதான் தோற்றாங்க. சிலாங்கூர் எந்த மூலைக்கு?” என்றார் மாமா.

“இறுதி வரை போனது யார்? வெளிநாட்டுப் பிள்ளைகள்! அதில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர், எண்ணு பார்ப்போம்” என்றார் மலாய்க்காரர்.

“சிலாங்கூரில் மட்டும் என்ன, எல்லாரும் கிள்ளானில் பிறந்தவனா?” என்று சீனப் பெரியவர் கேட்டார். மூவரும் மலாயில்தான் பேசுவார்கள். கோபம் வந்தால் மட்டும் அவரவர் தாய்மொழி எட்டிப் பார்க்கும்.

கிள்ளான் என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்பா கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவைக் கட்டிக்கொண்டு ஜொகூருக்கு வந்து, சாகும்வரை எங்கள் தோட்டத்திலேயே பால் மரம் வெட்டினார். மாமாவோ ஜொகூரில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் வேலை தேடிப் பாலத்தைத் தாண்டிப் போனவர். அங்கேயே குடியுரிமை, அங்கேயே கல்யாணம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா சிலாங்கூர் கட்சி, மாமா சிங்கப்பூர் கட்சி. அவர்கள் சந்தித்துக்கொண்ட ஜொகூருக்கு ஆதரவு தர ஆளே இல்லை!

“ஜொகூரில் பிறந்தவனுக்கு சிங்கப்பூர் என்னடா ஆச்சு?” என்பார் அப்பா.

“நீங்க மட்டும் சிலாங்கூரிலா மரம் வெட்டுறீங்க மச்சான்?” என்பார் மாமா.

இதற்கு அப்பாவிடம் பதில் இருக்காது. ஒரு மனிதன் விட்டுவிட்டு வந்த ஊரைப் பற்றி எதைச் சொல்லி வாதாட முடியும்? அதனால் பேச்சை ஆட்டக்காரர்கள் பக்கம் திருப்பிவிடுவார். போர்ட் கிள்ளானில் பிறந்த கோல் காவலர் ஆறுமுகத்தின் பெயரை எடுப்பார். நீண்ட கைகளால் பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்த்து மக்கள் அவருக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமா உடனே, மூலையிலிருந்து பந்தை வாழைப்பழம் போல வளைத்து அடிக்கும் எஸ். ராஜகோபாலையும், 1977-இல் சிங்கப்பூர் அணித் தலைவராக இருந்த சமத் அல்லாப்பிச்சையையும் கொண்டுவந்து நிறுத்துவார். இருவருக்கும் தங்கள் பக்கம் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். மொக்தார் டஹாரியை மட்டும் மாமாவும் குறை சொல்ல மாட்டார். “அது மனுஷன் இல்லை மச்சான், அதை விட்டுடுங்க” என்பதோடு சரி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. என் வகுப்பில் ஒரு நாள் ஆறுமுகத்தைப் பற்றிச் சொன்னேன். ஸ்பைடர்மேன் என்றதும் ஒருவன் எழுந்து மணிக்கட்டிலிருந்து வலை வீசிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் இறந்துபோனபோது எங்கள் தோட்டத்தில் அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இப்போது அந்தப் பகையின் கணக்கைச் சொல்ல வேண்டும். மலேசியக் கிண்ணம் 1921-இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் ஆட்கள் கொடுத்த கிண்ணம் அது. முதல் இறுதியாட்டத்திலேயே சிங்கப்பூரும் சிலாங்கூரும் மோதின. சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. பிற்காலத்தில் 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டும் விடாமல் சிங்கப்பூர் இறுதியாட்டத்தில் இருந்தது. அதில் ஆறு முறை எதிரே நின்றது சிலாங்கூர். ஐந்தில் சிலாங்கூர் வென்றது. 1980-இல் மட்டும் சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. இருபது வயதுகூட நிரம்பாத ஃபண்டி அகமது வெற்றிக் கோலைப் போட்டார். இடையில் 1977-இல் எதிரணி பினாங்கு. கூடுதல் நேரம் வரை போய் சிங்கப்பூர் 3-2 என்று கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் சூ செங் குவீ காலில் புண்ணோடு வேலை பார்த்தவர். பிறகு அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் இன்றைக்கும் கம்மும்.

ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு அப்பாவின் கையில் பிரம்பு மாதிரி. மாமாவின் கையில் காலாங் முழக்கம். 1973-இல் திறந்த தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் ஒரே குரலில் கத்தினால், எதிரணிக்குத் தன் காலே தனக்குச் சொந்தமில்லாமல் போய்விடும் என்பார். டிக்கெட்டுக்காக ராத்திரி முழுக்கப் பாயை விரித்துக்கொண்டு கிடந்தவர்களில் அவரும் ஒருவர். நடுவர் தவறான விசில் ஊதினால் ‘ரெஃப்ரி காயு!’ என்று அரங்கமே பாடும். காயு என்றால் மரக்கட்டை என்று உங்களுக்குத் தெரியாததா? தன் அணி தோற்றுவிட்டால் இருக்கவே இருக்கிறது, ‘கேலோங்’! மீன் பிடிக்கக் கடலில் கட்டுகிற பந்தலின் பெயரை, விலை பேசிய ஆட்டத்துக்கு வைத்தது யாரோ! ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவில் ஆட்டக்காரர்கள் நிசமாகவே பிடிபட்டுத் தண்டனை பெற்றபோது, அந்தச் சொல்லை வைத்து யாரும் வேடிக்கை பேசவில்லை.

சரி, அஞ்சலட்டை. 1981 இறுதியாட்டத்தில் சிலாங்கூர் 4-0 என்று சிங்கப்பூரைச் சுருட்டியது. நான் அப்போது தொட்டில் பிள்ளை. அம்மா சொல்லிக் கேட்டதுதான். மறுநாள் பிரட்டுக் கலைந்ததும் கிராணியிடம் ஓர் அஞ்சலட்டை வாங்கி அப்பா எழுதினாராம்: ‘மச்சானுக்கு, நலம். நலமறிய ஆவல். 4.’ அவ்வளவுதான்.

மாமாவிடமிருந்து பதில் இல்லை. என் காதுகுத்துக்கு நாள் பார்த்து எழுதினார்கள். பதில் இல்லை. இன்னொரு நாள் பார்த்தார்கள். அதற்கும் இல்லை. தாய்மாமன் வராமல் காது குத்த அம்மா சம்மதிக்கவில்லை. அப்பாவோ மன்னிப்புக் கடிதம் எழுதச் சம்மதிக்கவில்லை. “விளையாட்டுக்கு எழுதினது” என்றாராம். “விளையாட்டைப் பற்றி எழுதினீங்க. விளையாட்டுக்கா எழுதினீங்க?” என்று அம்மா கேட்டாராம். பந்து உருண்டையா சதுரமா என்று கவலைப்படாத என் அம்மாதான் அந்த ஒரு வருடமும் அழுதவர். கடைசியில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி சிங்கப்பூர் போய், தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். காது அங்கேதான் குத்தப்பட்டது. அப்பா வரவில்லை.

பழி தீர்க்க மாமாவுக்கு வழியும் இல்லை. 1982-இல் சிங்கப்பூர் போட்டியிலேயே இல்லை. 1985-இல்தான் திரும்பி வந்தது. வந்தாலும் கிண்ணம் கைக்கு வரவில்லை. வருடங்கள் ஓடின. இருவரும் பேசிக்கொண்டார்கள், தீபாவளிக்குப் போய் வந்தார்கள். ஆனால் நாலு என்ற எண் எந்தப் பேச்சில் வந்தாலும் அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

1994 டிசம்பர் 17. ஷா ஆலாம் அரங்கில் சிங்கப்பூரும் பகாங்கும். பாலத்தைத் தாண்டி ஆயிரக்கணக்கில் பஸ்ஸிலும் காரிலும் சிங்கப்பூர் ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். மாமாவும் அதில் ஒருவர். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவும் நானும் தொலைக்காட்சி முன்னால். அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபண்டி ஒரு கோல். 4-0. அப்பா எழுந்து பெட்டியை அணைத்துவிட்டு, “வரும் பாரு” என்றார். எது வரும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு வாரத்தில் வந்தது. சிங்கப்பூர் தபால் தலை. ‘மச்சானுக்கு, நலம். நலமறிய ஆவல். 4.’

அப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “பகாங்கை அடிச்சதுக்கு எனக்கு எதுக்குடா அட்டை? திருப்பி அனுப்பறேன் பார்” என்று கத்தினார். அனுப்பவில்லை. 2009-இல் அவர் காலமானபோது அந்த அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

அதற்குப் பிறகு சண்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. நுழைவுச் சீட்டு வசூலைப் பங்கு போடுவதில் இரண்டு சங்கங்களுக்கும் ஒத்துவராமல் 1995-இல் சிங்கப்பூர் விலகிவிட்டது. 1996-இல் தனக்கென்று எஸ் லீக் தொடங்கியது. அப்பாவும் மாமாவும் தொலைபேசியில் உடம்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். பேச்சும் சுருங்கியது. 2012 முதல் 2015 வரை லயன்ஸ்12 என்ற பெயரில் சிங்கப்பூர் மறுபடி நம் லீக்கில் ஆடியது. 2013-இல் வெற்றியாளராகவும் வந்தது. அப்போது அப்பா இல்லை. மாமா எனக்குப் போன் செய்து, “யாருக்குடா நான் அட்டை போடுறது?” என்று கேட்டார்.

தேக்கா மேசைக்கு வருகிறேன். மூன்று பெரியவர்களும் கத்தி ஓய்ந்த நேரம், மாமா என் மகன் பக்கம் திரும்பினார். “பேரப்பிள்ளை, நீ சொல்லு. செய்லர்ஸா, சிலாங்கூரா?”

அவன் தே ஐஸை உறிஞ்சிக்கொண்டே, “ரெண்டும் இல்லை தாத்தா. ஜேடிதி!” என்றான்.

ஜொகூர் டாருல் தாக்சிம். 2014-லிருந்து மலேசிய லீக்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி. மேசை ஒரு நொடி அடங்கியது. பிறகு செய்லர்ஸ் கட்சியும் சிலாங்கூர் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையின் மேல் பாய்ந்தன. பணத்தால் வாங்கிய அணி என்கிறார் ஒருவர், காலாங் முழக்கம் இருந்த காலத்தில் வந்திருந்தால் தெரியும் என்கிறார் இன்னொருவர். மகன் அசரவில்லை. கைவிரலை மடக்கி மடக்கி வருடக் கணக்கைச் சொன்னான். அந்த மடக்கலில் அப்பா தெரிந்தார்.

கிளம்பும்போது மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இவன் பேருக்குத் தபால் வர்ற மாதிரி உங்க தோட்டத்து விலாசத்தை எழுதிக் கொடு” என்றார்.