சோனகத் தெருவுக்குக் கடை மட்டும் போதாது

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் புத்தளத்திலும் கொழும்பிலும் நமது வர்த்தகர்கள் கேட்கும் முதல் கேள்வி "வியாபாரம் எப்படி?" என்பதுதான். அல்ஹம்துலில்லாஹ், பிழையில்லை என்று சொல்வேன். "சோனகத் தெருவில் எத்தனை வீட்டில் இரவில் விளக்கு எரிகிறது?" என்று எவரும் கேட்பதில்லை. அதுவும் ஒரு வியாபாரக் கேள்விதான் என்பதைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

சோனகத் தெரு என்ற பெயரைக் கேட்டு வெளியூரவர்கள் அதை ஒரு வீதி என்று நினைப்பார்கள். யாழ் நகரின் ஓரமாக, வண்ணார்பண்ணைக்கும் நாவாந்துறைக்கும் அண்மையில், பல வீதிகளும் ஒழுங்கைகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கொண்ட முழுக் குடியிருப்பு அது. இரும்புக் கடை, நகைக் கடை, புடவைக் கடை, தையல், லொறி, இறைச்சி என்று ஆண்கள் பகலில் நகரில் உழைத்தார்கள். லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கடைக்குப் போகலாம். அவ்வளவு கிட்ட இருந்தன வீடும் கடையும்.

அறிஞர் மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமானார். 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தவரும், பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தவரும் அவரே. ஒரு முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில் படித்து நாட்டுக்கே வழிகாட்டியானது அயல் உறவு உயிரோடு இருந்த காலத்தின் அடையாளம்.

அந்தக் காலத்தில் நமது வியாபாரத்தின் பெரிய முதல் அறிமுகம்தான். தையல்காரர் புடவைக் கடையில் கடனுக்குத் துணி எடுப்பார். பெருநாள் முடிந்ததும் கணக்குத் தீரும். பக்கத்து வீட்டுப் பையன் கடைக்கு உதவியாளாக வந்து, பத்து வருடத்தில் தனியாகக் கடை போடுவான். வீட்டுப் பெண்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு எத்தனையோ கடைகளுக்கு முதலாகியிருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கும் வங்கி தேவைப்படவில்லை. ஆள் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தால் போதும்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி அது முடிந்தது. உஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு மக்களை அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். கையில் சில நூறு ரூபாய் மட்டுமே கொண்டுபோக விட்டார்கள். அந்த நாட்களில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கடையும் சாமானும் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கடன் கொப்பி போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2002 இல் யுத்தநிறுத்தத்தின்போது ஏ9 பாதை திறந்ததும் எனது வாப்பா ஊரைப் பார்க்கப் போனார். அவர் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு தமிழ் மேசன் தேடி வந்தார். 1990 இல் எங்கள் கடையில் கடனுக்குத் தகரம் எடுத்தவர். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் காசை எண்ணிக் கொடுத்தார். 1990 இன் விலையில் கொடுத்த அந்தத் தொகைக்கு 2002 இல் இரண்டு தகரம்கூட வராது. வாப்பா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கொப்பி இல்லை, சாட்சி இல்லை. அயலில் இருந்த மனிதருக்குக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம்தான் அவரை வரவழைத்தது. வெளியூரிலிருந்து வந்து கடை மட்டும் நடத்தும் முதலாளியை அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள்.

2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் நாம் திரும்பிப் போனோம். பெரும்பாலும் ஆண்கள்தான் போனோம். கடை திறந்தோம், வாடகை அறையில் தங்கினோம், வாரக் கடைசியில் பஸ் ஏறினோம். ஜும்ஆவுக்கு நிறையும் ஸப்புகள் ஸுபஹுக்கு நிறைவதில்லை. நாம் திரும்பிப் போகவில்லை, வந்து போகிறோம். இதற்காக எவரையும் குறை சொல்ல நான் தயாரில்லை. 35 வருடத்தில் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் பிள்ளைகள் பிறந்து, படித்து, மணமுடித்துவிட்டார்கள். வேரூன்றிய இடத்தைப் பிடுங்கிக்கொண்டு வா என்று சொல்வது இலகு, செய்வது கஷ்டம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு அடுப்பு, இரண்டு வாடகை, மாதம் நான்கு பயணம். இலாபத்தில் ஒரு பங்கு பாதையிலேயே கரைகிறது. இப்போது யாழ் நகரிலும் பெரிய சுப்பர்மார்க்கட்டுகள் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு நம்மால் போட்டி போட முடியாது. சிறு வர்த்தகனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பலம், வாடிக்கையாளரை வீட்டோடு தெரிந்து வைத்திருப்பது. இரவில் ஊரில் இல்லாதவனுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? நாட்டில் எங்காவது இனப் பதற்றம் வந்தால், கதவைத் தட்டிச் செய்தி சொல்ல அயலவர் வேண்டும். அவரையும் கடைக் கல்லாவில் இருந்து சம்பாதிக்க முடியாது.

"சும்மா கிடக்கும் காணியை விற்று ஓடும் வியாபாரத்தில் போடுவதுதானே வர்த்தகப் புத்தி?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காணி ஏன் சும்மா கிடக்கிறது? வாப்பாவின் பெயரில் இரண்டு பரப்பு. அதாவது 20 பேர்ச்சஸ். அவர் மௌத்தாகி, நான்கு மகன்மாரும் மூன்று மகள்மாரும் மட்டும் வாரிசு என்று வைத்துக்கொள்வோம். ஷரீஅத்தின்படி பதினொரு பங்கு. மகனுக்கு மூன்றரைப் பேர்ச்சஸ் சொச்சம், மகளுக்கு இரண்டு பேர்ச்சஸும் இல்லை. ஒருவராலும் வீடு கட்ட முடியாது. உறுதி ஒருவர் பெயருக்கு வராததால் வீட்டுத் திட்டங்களும் கைநழுவிப் போகின்றன. கடைசியில் தரகர் சொன்ன விலைக்கு மொத்தமும் போகிறது. இதை விற்பனை என்பதைவிடக் கழிவு விலையில் கைகழுவுவது என்றே சொல்லவேண்டும்.

இதற்கு மூன்று காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாரிசுகள் உட்கார்ந்து பேசி, ஊரில் குடியிருக்கத் தயாரான ஒருவரிடம் காணியைக் கொடுக்கவேண்டும். மற்றவர்களின் பங்கை, குறிப்பாகச் சகோதரிகளின் பங்கை, அவர் தவணை முறையில் கட்டித் தீர்க்கட்டும். இதை எழுத்தில் வையுங்கள், நொத்தாரிசு முன்னால் முடியுங்கள். யுத்த காலத்தில் காணியை இழந்தவர்களுக்காக 2016 இல் காலவிதிப்புச் சட்டத்துக்கு ஒரு விசேட ஏற்பாடு வந்தது. அதற்கும் ஒரு காலக்கெடு இருந்தது. உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை.

இரண்டாவது, விற்றே ஆகவேண்டிய காணிகளை முதலில் ஜமாஅத்துக்குள் அறிவிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். வசதியுள்ள வர்த்தகர்கள் பங்கு போட்டு அவற்றைச் சந்தை விலைக்கு வாங்கி, சிறு வீடுகள் கட்டி, குறைந்த வாடகைக்குக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். கர்ழன் ஹஸனா கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குப் பளிங்குக்கல் பதிக்கச் சேரும் காசில் ஒரு பகுதி இதற்குச் சேர்ந்தால், அந்தப் பள்ளிவாசலில் ஸுபஹுக்கும் ஆள் சேரும்.

மூன்றாவது, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்கள் முதலில் போகட்டும். உஸ்மானியாவுக்கும் கதீஜாவுக்கும் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் வந்தால் வகுப்பு நடக்கும், வகுப்பு நடந்தால் அடுத்த குடும்பம் துணிந்து வரும்.

தமிழ் சகோதரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாம் வெளியேறி ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்களும் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு நடந்தார்கள். பூட்டிய கதவின் முன்னால் நிற்பது என்னவென்று அவர்களுக்கும் தெரியும். நமது வீடுகளில் குடியிருந்தவர்களில் பலர் தாமும் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்களோடு கணக்குத் தீர்க்கும்போது நீதியாகவும் பொறுமையாகவும் தீர்ப்போம். கடையில் அயலூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வேலை கொடுப்போம்.

அடுத்த பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் வர்த்தக சகோதரர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய் உங்கள் வளவின் எல்லையைக் காட்டுங்கள். உறுதிக் கட்டையும் கையோடு கொண்டுபோய், நம்பிக்கையான ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், மிச்சத்தை அங்கிருந்து பேசலாம்.