நாண் அறுந்தால் யார் கட்டுவது?

வில்லின் பெருமை பேசாத தமிழ் வகுப்பு இல்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பைக் கற்பிக்கும்போதும், வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரை துளைத்துச் சென்ற புறநானூற்றுச் செய்தியைக் கூறும்போதும் நம் குரல் தானே உயர்கின்றது. ஆயினும் ஒரு வினாவை நாம் மாணவர்முன் வைத்ததில்லை. மாணவரும் நம்மைக் கேட்டதில்லை. அந்த வில்லின் நாண் அறுந்தபோது யார் கட்டினார்? எதனால் கட்டினார்?

வில் என்பது ஒருமுறை செய்து வைத்துவிட்டால் என்றும் நிற்கும் பொருளன்று. நாணேற்றியபடியே நெடுநாள் வைத்தால் மரம் அந்த வளைவுக்கே பழகித் தன் விசையை இழந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். தோலும் நரம்பும் ஈரத்தை உண்டு தளரும்; வெயிலில் காய்ந்து முறுகும். 1346ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கிரெசிப் போர்க்களத்தில் மழை பெய்தபோது ஆங்கில வில்லாளர் தம் நாண்களைக் கழற்றி நனையாமல் காத்தனர் என்றும், எதிரணியின் குறுக்குவில் நாண்கள் நனைந்து பயனற்றுப் போயின என்றும் அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. வில்லாண்மை என்று நாம் புகழ்வதில் பாதி, எய்யாத நேரத்தில் வில்லைப் பேணும் அறிவே ஆகும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டில் வேட்டை வில் இன்று இல்லை. (கழுகுமலை வெட்டுவான் கோயிலை வேட்டுவன் கோயில் என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவரேனும் உளர், அது பாறையை வெட்டிய கோயில், வேடனுக்குரியதன்று.) 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்ததும் நாம் அறிந்தவையே. அவ்வாண்டு டிசம்பரில் தென்சீமை மக்கள் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுக்கும் அறிவிப்பைக் கும்பினியார் வெளியிட்டனர். பின்னர் வந்த 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமோ வாள், ஈட்டி முதலியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சுட்டியே பட்டியலிட்டது. துப்பாக்கியும் பரவிற்று, காடும் சுருங்கிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கே தடை விதித்தது. அது வேண்டிய தடைதான். முயலுக்கும் மானுக்கும் எதிராக வாதாட இக்கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் அம்பில்லாத வில்கள் இரண்டு இம்மண்ணில் எஞ்சின.

ஒன்று பஞ்சுகொட்டியின் வில். கரிசல் என்றாலே பருத்தி. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலேயே தோன்றிவிட்டது. தோளில் நெடிய வில்லைச் சுமந்து தெருத்தெருவாக வந்து, விலங்கின் குடல்நரம்பால் முறுக்கிய நாணை மரக்குண்டால் தட்டிப் பஞ்சை நுரைபோல் பொங்கச் செய்தவர்களை எம் தலைமுறையினர் பார்த்திருக்கின்றனர். அவர்களிற் பலர் இசுலாமியர். பஞ்சு கொட்டும் தொழிலையே பெயராகக் கொண்ட தூதேகுலா பிரிவினர், தமிழகத்தின் பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள் பட்டியலில் இன்றும் இடம் பெற்றுள்ளனர். நாணின் ஒலியே தெருவுக்கு விளம்பரம். நாண் தளர்ந்தால் பஞ்சு பிரியாது. ஆகவே முறுக்கேற்றும் வேலை அவர் கையிலேயே இருந்தது. எந்திரம் வந்தது, அவ்வொலி அடங்கிற்று.

மற்றொன்று வில்லுப்பாட்டின் வில். வேட்டை முடிந்து களைப்பாறிய வேடர்கள் வில்லைத் தரையில் கிடத்தி நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து இக்கலை பிறந்தது என்பர். இதன் உண்மை எதுவாயினும், கருவியின் அமைப்பு அக்கதைக்கு ஒத்தே இருக்கின்றது. வைரம் பாய்ந்த பனங்கட்டை அல்லது மூங்கில், மாட்டுத்தோலை வாராக அறுத்து முறுக்கிய நாண், அதில் தொங்கும் வெண்கல மணிகள், வில்லோடு பிணைத்த மண்குடம், நாணைத் தட்டும் வீசுகோல்கள். சாத்தூர் பிச்சைக்குட்டியும், 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகமும் வானொலிவரை கொண்டு சென்றது இந்தக் கருவியைத்தான்.

சில ஆண்டுகளுக்குமுன் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க் கொடைவிழாவில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தேன். பாட்டு நன்றாகவே இருந்தது. விடியலில் அருகே சென்று பார்த்தபோதுதான் வில் இரும்புக் குழாய் என்பதும், நாண் வண்ணத்துணி சுற்றிய கம்பி என்பதும் தெரிந்தன. குடம் மட்டும் மண். என் முகத்தைப் பார்த்தே அண்ணாவி புரிந்துகொண்டார். “தோல் நாண் போட்டுத் தர ஆளு இல்ல சார். போட்டுத் தந்தவரு தவறிட்டாரு. அவரு மகன் திருப்பூர்ல வேலை பாக்காரு” என்றார். அவருடைய தகப்பனார் காலத்து வில் வீட்டுப் பரணில் இருக்கின்றதாம். நாணை எலி கடித்துவிட்டது, மரம் பழுதில்லை. பனி இறங்கும் இரவில் தோல்நாண் தளர்ந்தால் கணப்பில் காட்டி இறுக்குவார்களாம். கம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

இத்தகைய மாற்றத்தைக் கண்டு மரபு அழிந்ததென்று கூக்குரலிடுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாண் தேய்வதும், குடம் உடைவதும், புதியது கட்டுவதும் இக்கருவிக்கு இயல்பு. பாடுவோர் கிடைத்ததைக் கொண்டு பாடுகின்றனர். அவர்மேல் குற்றம் இல்லை. இன்னும் ஒன்று உண்டு. திருப்பூருக்குச் சென்ற அந்த மகன் ஏன் சென்றார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தோலைத் தொட்டவரைத் தீண்டாதவராக்கி ஊர்க்கோடியில் நிறுத்தி, அவர் முறுக்கிய நாணை மட்டும் கோயில் முற்றத்தில் வைத்துக்கொண்ட சமுதாயம் இது. அவர் மகன் அத்தொழிலை உதறியது அவரது மான உணர்ச்சி. ‘மரபு காக்க’ அவரைத் திரும்ப அழைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

இதை அந்த வில்லே பாடியிருக்கின்றது என்பதுதான் வியப்பு. முத்துப்பட்டன் கதையில் அந்தணக் குலத்தில் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலப் பெண்களை மணக்க விரும்புகின்றான். குடுமியையும் பூணூலையும் களைந்து, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கின்றான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்பே காணிக்கை. தோல் தைக்கக் கற்றவனின் கதை தோல் நாணின் ஒலியில் எத்தனை இரவுகள் பாடப்பட்டிருக்கும்! கேட்டவர்களுள் எத்தனை பேர் நாண் முறுக்கியவரைத் தம் அருகில் அமரச் செய்தனர்?

நம் தமிழ்த்துறைகள் இவ்வகையில் செய்தது என்ன? பாடல்களைத் தொகுத்தோம்; அது பெரும்பணி. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. ஆய்வேடுகள் பெருகின. ஆனால் தோலை எத்தனை நாள் ஊற வைப்பது, எத்தனை புரி முறுக்குவது, எந்தப் பனையின் எப்பகுதி வளையும், குடத்தைத் தட்டிப் பார்த்து எவ்வொலியைத் தேர்வது என்பவை பற்றி நாம் எழுதி வைத்தது மிகச் சிறிது. பாட்டைப் பாடியவர் பெயர் ஏட்டில் உண்டு; வில்லைக் கட்டியவர் பெயரைக் கேட்டு எழுதியவர் அரியர். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது, நல்ல முடிவு. எனினும் இனி ஒரு வில்லுக்குப் பனங்கட்டை வேண்டுமெனில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கைகளைத்தான் தேட நேரும். அக்கட்டைகளும் கண்முன்னே விறகாகின்றன.

ஆகவே என் கருத்து இது. நாட்டார் வழக்காற்றியல் பாடம் உள்ள கல்லூரிகளில், ஒரு பருவத்து ஒப்படைப்பாகப் பாட்டுத் தொகுப்புக்குப் பதில் ஒரு வில்லையே கட்டச் செய்யலாம். தோல் ஊறும் நாற்றத்தை எல்லாக் குலத்து மாணவரும் ஒருங்கே தாங்கட்டும். முறுக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் கிடைத்தால், அவரை வருகைதரு ஆசிரியர்க்குரிய ஊதியத்தோடும் நாற்காலியோடும் அழைக்க வேண்டும். அவரிடம் தகவல் மட்டும் பெற்றுக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பும் நம் வழக்கம் போதும்.

கோவில்பட்டி அண்ணாவியிடம் இதைச் சொன்னேன். பரணில் உள்ள வில்லைத் தரச் சம்மதித்தார். உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனியில் பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார். குடத்தை மட்டும் நாமே வாங்கி வரவேண்டுமாம், ஒன்றுக்கு இரண்டாக.